மூன்றாவது பெஞ்சும் பிஸ்கட் டின்னும்

எங்கள் சபையில் அன்பும் ஐக்கியமும் பெருக வேண்டும் என்று நான் ஒரு திட்டம் கொண்டுவந்தேன். செயற்குழுவில் எல்லாரும் கைதட்டி ஏற்றுக்கொண்டார்கள். மூன்று மாதம் அது பிரமாதமாக நடந்தது. நான்காவது மாதம் ஓர் அக்கா சாகப் பிழைக்கக் கிடந்தார். திட்டம் என்னுடையது என்பதால், வேறு யாரும் இதை எழுதுவதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.

சபை இருப்பது ஈப்போ புந்தோங்கில், ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறைக்கும் மாவு மில்லுக்கும் நடுவே. பின் தெருவில் அம்மன் கோயில். திருவிழா நாட்களில் அங்கே மேளம் தொடங்கினால் இங்கே போதகர் குரலை உயர்த்துவார். இரண்டு பக்கமும் கடவுளுக்குக் காது மந்தம் என்று முடிவு செய்துவிட்டது போல இருக்கும். எங்கள் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு அறுபது பேர் வருவோம். அந்த அறுபது பேரும் மூன்று பழைய ரப்பர் தோட்டங்களின் மிச்சம். தோட்டங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, பால்மரம் இருந்த இடத்தில் செம்பனையும் தாமான் குடியிருப்பு வீடுகளும் வந்தபோது ஜனங்கள் பட்டணத்துக்கு வந்தார்கள். வரும்போது தங்கள் தோட்டத்துச் சின்ன ஆலயத்தின் பெஞ்சுகளையும் லோரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள்.

பெஞ்சு வந்தால் போதாதா? உட்காரும் வரிசையும் கூடவே வந்தது. பீடோர் பக்கமிருந்த எங்கள் தோட்டத்துக்கு இடப்பக்கம் நான்கு பெஞ்சுகள். அதில் மூன்றாவது எங்கள் லயத்துக்கு, அதாவது எங்கள் வரிசை வீடுகளுக்கு, உரியது. லயத்தில் முதல் வீட்டில் இருந்தவர்கள் சுவரோரம் உட்காருவார்கள், கடைசி வீட்டில் இருந்தவர்கள் நடைபாதையோரம். இடையில் யார் யாருக்கு அடுத்த வீடோ, அவர்கள் அவர்களுக்கு அடுத்த இடம். லயத்தை இடித்துத் தரைமட்டமாக்கி இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. எங்களிடம் அதை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. ஒரு குடும்பம் ஜொகூருக்குக் குடிபோய்விட்டால்கூட அவர்கள் இடம் அப்படியே காலியாக இருக்கும். நெருக்கியடித்து உட்காருவோமே தவிர, அந்த இடத்தில் கைப்பையைக்கூட வைக்க மாட்டோம்.

எனக்கு அடுத்த வீடு, ஆகவே எனக்கு அடுத்த இடம், அந்த அக்காவுடையது. அறுபத்தொன்பது வயது. பால் வெட்டிக்கொண்டிருந்தவர், பிறகு கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். கணவர் தவறிவிட்டார், ஒரே மகள் சிங்கப்பூரில். தனியாக ஒரு மலிவு விலை வீட்டில் இருக்கிறார். இருபது வருடமாக ஞாயிறுதோறும் நான் அவருடைய இடது முழங்கைக்கு அருகில் உட்கார்ந்திருக்கிறேன்.

அக்காவைப் பற்றி மூன்று விஷயங்கள் சொல்ல வேண்டும். ஒன்று, இருமல் மிட்டாய். ஜெபம் நடக்கும்போதுதான் அதைப் பிரிப்பார். மெதுவாகப் பிரித்தால் சத்தம் வராது என்பது அவர் நம்பிக்கை. அதனால் ஒரு நொடியில் முடிய வேண்டிய சரசரப்பு ஒரு நீண்ட ஜெபம் முழுக்க நீடிக்கும். அடுத்து, பாட்டு. சபை ஒரு சுருதியில் போகும், அக்கா தனக்கென்று ஒரு பாதையில் போவார், அரை அடி முன்னாலேயே போய் அடுத்த வரியில் எங்களுக்காகக் காத்திருப்பார். அந்தக் குரல் மேற்கூரைத் தகரத்தில் பட்டுத் திரும்பி வரும்.

மூன்றாவதுதான் தாங்க முடியாதது. தோட்டத்தில் விடியற்காலையில் எல்லாரையும் நிறுத்தி ஆள் கணக்கு எடுப்பார்கள். அதற்குப் பெரட்டு என்று பெயர். வராதவர்கள் வீட்டுக்கு ஆள் அனுப்புவார்கள். தோட்டம் போய்விட்டது, துரை போய்விட்டார், கங்காணி போய்விட்டார், பெரட்டு மட்டும் எங்கள் மூன்றாவது பெஞ்சில் நடந்துகொண்டிருந்தது. எடுப்பவர் அக்கா. இரண்டாவது பாட்டு முடிவதற்குள் பெஞ்சை ஒரு தடவை பார்ப்பார். யாராவது இல்லையென்றால் எழுந்து வாசற்படிக்குப் போய் போன் அடிப்பார். "எங்க இருக்க? என்னா, காய்ச்சலா? பசியாறிட்டியா?" நிஜமாகவே காய்ச்சலில் கிடப்பவருக்கு அந்தக் கேள்வி ஆறுதலாக இருக்கலாம். மற்றவர்களுக்கு அது போலீஸ் விசாரணை.

ஒரு தடவை நாங்கள் குடும்பத்தோடு பினாங்குக்குத் துணி எடுக்கக் கிளம்பினோம். பாலம் ஏறும்போது போன் வந்தது. காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். நாங்கள் மாலை வீடு திரும்பியபோது அக்கா என் வீட்டு வாசலில், மடியில் ஒரு பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தார். மதியம் இரண்டு மணிக்கே வந்துவிட்டாராம். என் இரண்டு கையிலும் துணிக்கடைப் பைகள். அக்கா பைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ரசம் ஆறிப் போயிருக்கும். சூடு பண்ணிக் குடி தங்கச்சி" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்துவிட்டார். அடுத்த ஞாயிறு ஜெபக் குறிப்பு வாசிக்கும்போது என் காய்ச்சலும் அதில் இருந்தது. சபை முழுவதும் எனக்காகக் கண்ணை மூடி ஜெபித்தது. அந்த ஐந்து நிமிடம் எனக்கு உண்மையிலேயே காய்ச்சல் வந்துவிட்டது.

அன்றிலிருந்தே எனக்கு அந்த முழங்கையிடமிருந்து விடுதலை வேண்டியிருந்தது. வழிதான் தெரியவில்லை. வழியைப் போதகர் கொண்டுவந்தார்.

எங்கள் போதகர் இளைஞர், நல்லவர். கோலாலம்பூரில் ஒரு பயிலரங்குக்குப் போய்விட்டு மடிக்கணினி நிறைய வட்டங்களும் அம்புக்குறிகளுமாகத் திரும்பி வந்தார். பெரிய வட்டம் சமுதாயம், சின்ன வட்டம் சபை, அம்புக்குறி அன்பு என்று விளக்கினார். நாங்கள் மீகூன் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தோம். ஆனால் அதற்குப் பிறகு அவர் சொன்ன விஷயம் வட்டமும் இல்லை, அம்பும் இல்லை. பாகான் செராயிலிருந்து வேலை மாற்றலாகி ஈப்போவுக்கு வந்த ஒரு நர்ஸ், மூன்று ஞாயிறு எங்கள் சபைக்கு வந்திருக்கிறாள். மூன்று ஞாயிறும் கடைசியில், செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பெஞ்சு முழுக்க யாராவது ஒருவருடைய இடம் அல்லவா? ஜொகூர்க்காரர்களின் காலியிடம்கூட ஜொகூர்க்காரர்களுடையதுதானே? எங்கள் ஆட்கள் அவளிடம் கேட்டது ஒரே கேள்வி: "நீ எந்தத் தோட்டத்துப் புள்ள?" எந்தத் தோட்டமும் இல்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்கள். நான்காவது ஞாயிறு அவள் வரவில்லை. அவள் வராததை போதகரைத் தவிர யாரும் கவனிக்கவும் இல்லை. இதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது.

அப்போதுதான் செயலாளராகிய நான் வாயைத் திறந்தேன்.

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. முப்பது வருட அனுபவத்தில் நான் கற்ற ஒரே வித்தை, மாதம் ஒருமுறை பிள்ளைகளின் இடத்தை மாற்றி உட்கார வைப்பது. பேசிக்கொண்டே இருப்பவர்களைப் பிரிப்பதற்காகச் செய்வது அது. அந்த வித்தையையே, பேசாதவர்களைப் பேச வைக்கும் அருமருந்தாகச் செயற்குழுவின் முன் வைத்தேன். ஒவ்வொரு ஞாயிறும் வாசலில் ஒரு பிஸ்கட் டின். அதற்குள் எண் எழுதிய அட்டைகள். எடுக்கிற எண் எதுவோ அந்த இடம். யாரும் யாருக்கும் அந்நியர் ஆக மாட்டோம், புதிதாக வருகிறவர்களும் பெஞ்சில் உட்காருவார்கள் என்றெல்லாம் நான் உருகி உருகிப் பேசினேன். பேசும்போது என் கண் முன்னே இருந்தது பாகான் செராய் நர்ஸ் அல்ல என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். சீட்டுப் போடுவது ஆதியிலிருந்தே உள்ள வழக்கம்தான் என்று போதகர் அடுத்த வாரத்துக்குள் ஒரு வசனமும் கண்டுபிடித்துவிட்டார்.

முதல் ஞாயிறு கலவரம். வலப்பக்கத் தோட்டத்துப் பெரியவர் ஒருவர், தோட்ட ஆபீஸில் கணக்கு எழுதிய பழைய கிராணி, எங்கள் தோட்டத்துப் பெஞ்சில் உட்காரச் சொன்னதற்கு எல்லை தாண்டச் சொன்னது போல விழித்தார். கையில் அட்டையோடு எல்லாரும் சினிமா தியேட்டரில் இருட்டில் இடம் தேடுவது போலத் தேடினார்கள். அக்கா மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, உன் நம்பர் என்னா?"

"பதினொண்ணுக்கா."

"எனக்கு நாப்பத்திரெண்டு. அந்தக் கடேசி லா. யாரையாச்சும் கேட்டு மாத்திக்கலாமா?"

"மாத்தக் கூடாதுக்கா. அதுதானே திட்டம்."

வகுப்பில் பயன்படுத்தும் முகத்தோடு சொன்னேன். அக்கா சரி என்று தலையாட்டிவிட்டு நாற்பத்திரண்டைத் தேடிப் போனார். அன்று ஜெபத்தின்போது மிட்டாய்ச் சத்தம் மிகத் தொலைவில் கேட்டது. என்ன சுகம்!

அதன் பிறகு எங்கள் சபை ஐக்கியத்தில் கொழித்தது. போட்டோ எடுத்தோம். பக்கத்து ஊர்ச் சபையிலிருந்து டின்னைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். நர்ஸ் மட்டும் வரவில்லை. யாருக்காகத் திட்டமோ அவளிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை. ஐக்கியத்தில் அவ்வளவு மும்முரம். எனக்கு ஒவ்வொரு வாரமும் ஒரு புதிய பக்கத்து ஆள் கிடைத்தார். பெயர் கேட்டு, ஊர் கேட்டு, பிள்ளைகள் எத்தனை என்று கேட்டு, சிரித்துக்கொள்வோம். அடுத்த வாரம் வேறு ஆள், அதே கேள்விகள். போன வாரம் ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. போன வாரம் நான் வந்தேனா இல்லையா என்று யாருக்குத் தெரியும்? நான் இரண்டு ஞாயிறு மட்டம் போட்டேன். ஒரு போன் இல்லை, ஒரு ரசம் இல்லை.

நான்காவது மாதத்தின் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு முப்பத்தொன்று வந்தது. காற்றாடிக்கு நேர் கீழே, உள்ளதிலேயே நல்ல இடம். பக்கத்தில் இருந்தவர் ஆராதனை முழுவதும் பேசியது "கொஞ்சம் தள்ளி" என்ற இரண்டே சொல். அன்று பாட்டு அபாரம். அறுபது பேரும் ஒரே சுருதியில், ஒரே தாளத்தில், யாரும் முந்தாமல் பிந்தாமல் பாடினோம். எங்கள் சபையா இது என்று எனக்கே ஆச்சரியம். முடிந்ததும் போதகரிடம் போய், "இன்னைக்குப் பாட்டு ரொம்ப நல்லா இருந்துச்சு ஐயா" என்று மனதாரச் சொன்னேன். அவரும் மகிழ்ந்தார். மீகூன் சாப்பிட்டு, வீட்டுக்குத் தபாவ் பொட்டலமும் கட்டிக்கொண்டு போய் நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் பள்ளி இடைவேளையில் அக்காவின் எண்ணிலிருந்து போன் வந்தது. சலிப்போடுதான் எடுத்தேன். ஒரு சீனக் குரல் மலாயில், நீ இந்த அம்மாவின் மகளா என்று கேட்டது. கேஸ் தோங், அதாவது சிலிண்டர், போடும் அங்கிள். அக்கா வெள்ளிக்கிழமையே அவரிடம் கேஸ் சொல்லி வைத்திருக்கிறார். அங்கிள் காலையில் வந்து கூப்பிட்டிருக்கிறார், பதில் இல்லை. அவர் திரும்பிப் போயிருக்கலாம். போகாமல் நின்றபோது வீட்டின் பின்பக்கத்திலிருந்து ஏதோ தட்டும் சத்தம் கேட்டிருக்கிறது. கேட்டை ஏறிக் குதித்துப் பின்கதவை உடைத்திருக்கிறார். அக்கா அடுப்படியில், இடுப்பு முறிந்து, கையில் ஒரு சட்டி மூடியோடு கிடந்தார். சனிக்கிழமை சாயந்திரத்திலிருந்து அப்படியே. ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிப் போனதும், கூடத்தில் இருந்த, பூட்டு இல்லாத அக்காவின் போனை எடுத்து, அதிகமாக அழைத்திருந்த எண்ணை அழுத்தியிருக்கிறார். அது என் எண்.

மகள் இல்லை என்றேன். பிறகு யார் என்றார். ஆலயத்தில் பக்கத்தில் உட்காருகிறவள் என்று சொன்னேன். மூன்று மாதமாக அதுவும் பொய்.

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் எனக்கு ஒன்றுதான் ஓடியது. அக்கா தினமும் விடிகாலையில் ரோஜாப்பூ போட்டு ஒரு வசனம் எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புவார். ஞாயிறு காலை அது வந்திருக்காது. எனக்கு எப்படித் தெரியும்? நான் அவரை மியூட்டில் போட்டு ஒரு வருடம் ஆகிறது.

வார்டில் ஒரு நர்ஸ் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "நீங்க புந்தோங் சர்ச்சு டீச்சர்தானே? நான் ஒரு மூணு வாரம் வந்திருக்கேன்" என்றாள். பாகான் செராய்ப் பெண். எனக்கு அவள் முகம் ஞாபகமில்லை, அவளுக்கு என் முகம் ஞாபகமிருந்தது. ரத்த அழுத்தக் கருவியைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள்: "ஞாயித்துக்கிழம சர்ச்சுல யாரும் தேடலியா டீச்சர்?" அவள் குத்திக் காட்டவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் குனிந்து என் செருப்பைப் பார்த்தேன்.

அக்காவின் உதடு வெடித்திருந்தது. என்னைக் கண்டதும் கையை நீட்டினார்.

"நான் பயப்படல லா தங்கச்சி" என்றார். "விழுந்தது சனிக்கிழம. வலி உயிர் போவுது. ஆனா மனசுக்குள்ள தைரியமா இருந்தேன். விடிஞ்சா ஞாயிறுதானே. ரெண்டாவது பாட்டுக்குள்ள தங்கச்சி பாத்துருவா, போன் அடிப்பா, எடுக்கலன்னா வந்துருவான்னு படுத்துக்கெடந்தேன். கடியாரத்தையே பாத்தேன். ஒம்பதரை ஆச்சு, பத்து ஆச்சு. போன் அடிக்கல. அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு, இப்ப சீட்டு மாத்திட்டீங்கல்ல, உனக்கு எப்படித் தெரியும்னு."

அதோடு நிறுத்திவிட்டு, நீ பசியாறிட்டியா என்று கேட்டார். என் மேல் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தக் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வார்டில் நோயாளிகளைப் பார்க்க வந்திருந்த அத்தனை பேருக்கும் முன்னால் அழுதேன்.

அந்த வாரமே செயற்குழு கூடியது. ஒவ்வொருவரும் அக்கா வேறு எங்கோ உட்கார்ந்திருப்பார் என்று நினைத்திருக்கிறோம். அறுபது பேரும் தனித்தனியாக, ஒரே மாதிரி நினைத்திருக்கிறோம். மூன்று மாதத்தில் நாங்கள் அடைந்த உண்மையான ஒருமனப்பாடு அது ஒன்றுதான். போதகர் முகம் வெளிறிப் போயிருந்தது. இனி வருகிறவர்கள் வாசலில் போனைக் காட்டி ஸ்கேன் செய்து வருகையைப் பதியலாம் என்றார். இன்னொருவர் விசாரிப்புக் குழு ஒன்று அமைத்து டீ-சர்ட் அடிக்கலாம் என்றார். நிறம் என்ன என்பதில் பேச்சு சூடு பிடிப்பதற்குள் நான் எழுந்து நின்றேன். டின் வேண்டாம் என்றேன். டின் யோசனை ஐக்கியத்துக்காக வரவில்லை, அக்காவின் பக்கத்திலிருந்து தப்பிக்க வந்தது என்பதையும் சொல்லிவிட்டேன்.

பிறகு அந்த வலப்பக்கத் தோட்டத்து கிராணி தொண்டையைச் செருமினார். "அது எங்களுக்கு அன்னிக்கே தெரியும் டீச்சர்" என்றார். "எங்க பெஞ்சுலயும் ஒரு ஆளு இருக்கான். அதான் கையத் தூக்குனேன்."

பழைய வரிசை திரும்பி வந்தது, ஒரே ஒரு திருத்தத்தோடு. போனவர்களின் காலியிடங்கள் இனி புதிதாக வருகிறவர்களுக்கு. உட்கார்ந்துவிட்டால் அது அவர்கள் இடம். பக்கத்தில் இருப்பவர்தான் அவர்களுக்குப் பெரட்டு. ஜொகூர்க்காரர்கள் திடீரென்று வந்தால் எங்கே உட்காருவார்கள் என்று ஒருவர் கவலைப்பட்டார். அவர்கள் கடைசியாக வந்து பதினொரு வருடம் ஆகிறது. நான் ஆஸ்பத்திரி கேன்டீனில் நர்ஸைப் பிடித்து, உனக்கு ஓர் இடம் இருக்கிறது, வரவில்லை என்றால் போன் வரும் என்று எச்சரித்தேன். அவள் சிரித்தாள். வேலை இல்லாத ஞாயிறுகளில் வருகிறாள். வேலை இருந்தால் முதல் நாளே எனக்குச் செய்தி அனுப்பிவிடுகிறாள், பயந்துகொண்டு.

பத்து வாரம் கழித்து அக்கா நான்கு கால் ஊன்றுகோலோடு வந்தார். அது பெஞ்சுக்கிடையில் நுழையவில்லை. அதனால் அக்கா நடைபாதையோரம் உட்கார வேண்டியதாயிற்று, அது கடைசி வீட்டுக்காரர்களின் இடம். லயம் முழுவதும் ஒரு வீடு தள்ளி உட்கார்ந்தது. வானம் இடிந்து விழவில்லை. என்னையும் தன் பக்கத்துக்கு இழுத்துக்கொண்டார்.

போதகர் கண்ணை மூடி ஜெபத்தைத் தொடங்கினார். மிட்டாய்க் காகிதம் மெல்ல, மிக மெல்லச் சரசரத்தது. நடுவில் அந்த முழங்கை என் விலாவில் இடித்தது.

"தங்கச்சி, நான் விழுந்து கெடந்த அந்த ஞாயிறு, பாட்டெல்லாம் எப்படி இருந்துச்சு? நல்லா பாடுனீங்களா?"

பினாங்குப் பாலத்தில் சொன்ன மாதிரி ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

"ரொம்ப நல்லா இருந்துச்சுக்கா" என்றேன். "எல்லாரும் ஒரே சுருதி. நான் ஐயாகிட்ட போய்ப் பாராட்டுனேன். அப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும், நீங்க இல்லன்னு."

அக்கா என் பக்கம் திரும்பினார். "அடிப்பாவி" என்றார். பிறகு ஜெபத்துக்கு நடுவே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோள் குலுங்க, ஊன்றுகோல் ஆட, அடக்க அடக்கச் சிரித்தார். போதகர் அவசரமாக ஆமென் சொல்லிவிட்டு அடுத்த பாட்டின் எண்ணை அறிவித்தார். நாங்கள் எழுந்து நிற்பதற்குள் அக்கா முதல் வரியைத் தொடங்கியிருந்தார்.